புள்ளி இருந்த இடம்

6

“இந்தக் கையாலதான் அழிச்சேன்னு சொல்றாங்க,” என்றார் அச்சுத் தகடு தயாரிக்கும் பிளேட் மாஸ்டர். இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். நக இடுக்குகளில் நீல மை ஏறியிருந்தது. எந்தச் சோப்புக்கும் அசையாத மை. “இருபத்திரண்டு வருஷமா இந்த அச்சகத்துல பிளேட் போடறேன். அழிச்சிருந்தா ஞாபகம் இருக்காதா?”

எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் அண்ணி சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அந்த இடைவெளி தாங்காமல் பலர் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். சிலர் அவசரமாக ஒரு பொய்யையும்.

“பயப்படாதீங்க மாஸ்டர்,” என்றான் கொழுந்தன். “அண்ணிக்குக் கோபமெல்லாம் இல்ல. கல்யாண வீட்டுலயும் முகம் இப்படித்தான் இருக்கும். போட்டோ எடுக்க வந்தவர் பாதியில கேமராவைக் கீழ வெச்சுட்டு, யாராவது தவறிட்டாங்களான்னு கேட்டார்.”

துப்பறியும் நிலையத்தை ஆரம்பித்தவர் அவள் கணவர். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அவருக்குப் பிறகு அதை நடத்துவது அவளும், அவருடைய தம்பியும். தம்பி ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அந்தக் கணக்கில் அவன் எல்லோருக்கும் கொழுந்தன். ‘இவ்வளவு பேருக்குக் கொழுந்தனா இருக்கிறவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்’ என்று அவ்வப்போது அலுத்துக்கொள்வான்.

மேசையில் ஒரு மருந்துப் பெட்டி பிரித்து விரிக்கப்பட்டிருந்தது. குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. பின்பக்கத்தில் கருநீலக் கட்டத்துக்குள், எத்தனை கிலோ எடைக்கு எத்தனை மில்லி என்று வெள்ளை எண்கள். முதல் வரியில் 2.5 என்று இருந்திருக்க வேண்டும். 25 என்று இருந்தது.

எட்டு மாதக் குழந்தையின் தாய் ஒருத்தி அதைப் பார்த்துத்தான் அளந்தாள். அரை மூடி ஊற்ற வேண்டியவள் ஐந்து மூடி ஊற்றினாள். அதுவும் இரண்டு வேளை. மூன்று நாளாகக் குழந்தை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறது.

பெட்டியை வடிவமைத்த பெண்தான் அண்ணியைத் தேடி வந்தவள். ‘என் ஃபைல்ல புள்ளி இருக்கு அக்கா. மருந்து கம்பெனி பார்த்துக் கையெழுத்துப் போட்ட புரூஃப்லயும் இருக்கு. அச்சகத்துல யாரோ அழிச்சிருக்காங்க. அது யாருன்னு காட்டுங்க’ என்று அழுதாள். அச்சகமோ, ஃபைலே அப்படித்தான் வந்தது என்று சாதித்தது. ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து இருவரில் ஒருவரை அழைத்துப்போவார். யாரை என்பதில் அவருக்கு ஏற்கனவே ஒரு தீர்மானம் இருந்தது.

இப்போது மணி இரண்டே முக்கால்.

“பிளேட்ல அழிக்கிறதுக்குன்னு ஒரு பேனா இருக்காமே?” என்றாள் அண்ணி.

மாஸ்டர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “தூசியோ முடியோ விழுந்தா பிளேட்ல கரும்புள்ளியா நிக்கும். இதால தொட்டா போயிடும். இன்ஸ்பெக்டரும் இதைத்தான் தூக்கிப் பார்த்தார். மருந்துப் புள்ளியைத் தூசின்னு நினைச்சு நான் தொட்டுட்டேனாம்.”

“தொட்ட இடத்துல என்ன ஆகும்?”

“மை பிடிக்காது. அச்சுல அந்த இடம் வெள்ளையா நிக்கும்.”

அண்ணி பெட்டியை அவர் பக்கம் திருப்பினாள். இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே விரல் வைத்தாள். “இந்த இடம் என்ன நிறம்?”

“நீலம்.”

“அழிச்சா வெள்ளைதானே வரும்? இங்க வெள்ளைதானே காணாமப் போயிருக்கு?”

மாஸ்டர் பேனாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

“மூணு நாளா ‘நான் செய்யல, நான் செய்யல’ன்னு மட்டும்தான்மா சொல்லிட்டிருந்தேன். இது தோணவே இல்ல.”

“குத்தம் சொன்னவரும் யோசிக்கல, குத்தவாளியும் யோசிக்கல,” என்றான் கொழுந்தன். “ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்.”

மாஸ்டர் சிரிக்கவில்லை. அண்ணி அதைக் கவனித்தாள். கழுத்திலிருந்து கத்தி விலகியவன் ஒரு மூச்சாவது விடுவான். இவர் விடவில்லை. உள்ளே இன்னொன்று இருக்கிறது.

அவள் காத்திருந்தாள். பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஒரே தாளத்தில் தாளை விழுங்கித் துப்பிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு முறை, இரண்டு முறை நகர்ந்தது.

“ஃபைல்ல புள்ளி இருக்கும்மா,” என்றார் மாஸ்டர், தரையைப் பார்த்து.

கொழுந்தன் நிமிர்ந்தான். “இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே?”

“பொய்தான். வேற என்ன செய்ய? எனக்கு வந்த ஃபைல்ல இருக்கு. நான் போட்ட பிளேட்ல இல்ல. நடுவுல இருக்கிறது நான் ஒருத்தன். பிள்ளைங்க ரெண்டும் படிச்சிட்டிருக்கு. உண்மையைச் சொன்னா யார் நம்புவாங்க?”

அவர் திரையில் ஃபைலைத் திறந்தார். கருநீலக் கட்டம் விரிந்தது. முதல் வரியில் வெள்ளை வெளேரென்று 2.5. புள்ளி அதன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

“எங்கயும் போகலையே, வீட்டுலதானே இருக்கு,” என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

அண்ணி திரையையும் அச்சான பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டியில் இரண்டும் ஐந்தும் ஒட்டி நிற்கவில்லை. நடுவே மயிரிழை அகலம் கூடுதலாக இருந்தது. தள்ளிப்போய் நிற்பதென்றால் நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்றுதான் அர்த்தம். புள்ளியைப் பிடுங்கி எறிந்தவன் யாரும் இல்லை. அது வந்தது, தன் இடத்தைப் பிடித்தது, அச்சில் மட்டும் விழவில்லை.

“மாஸ்டர், திரையில தெரியறதும் பிளேட்ல விழறதும் ஒண்ணுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒண்ணுதானேம்மா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டனை வெறித்தார். “இதை அழுத்தினா மை எப்படி விழுமோ அப்படியே காட்டும். மெஷின் மந்தமாயிடும்னு நாங்க யாரும் போடறதில்ல.”

“போடுங்க.”

அவர் அழுத்தினார். திரை ஒரு கணம் திணறியது. கட்டம் மறைந்து மறுபடி எழுந்தது.

25.

புள்ளி இருந்த இடத்தில் நீலம் வழுவழுவென்று மூடியிருந்தது. மாஸ்டர் பட்டனை மறுபடி அழுத்தினார், புள்ளி வந்தது. அழுத்தினார், போனது. நான்காவது தடவை அண்ணி அவர் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினாள்.

“ஓவர்பிரிண்ட்,” என்றார் மாஸ்டர். “சின்னக் கறுப்பு எழுத்துக்கு ஒரு உத்தரவு குடுப்பாங்கம்மா. ‘அடியில என்ன நிறம் இருந்தாலும் அதை வெட்டி எடுக்காதே, மேலயே அடிச்சுடு’ன்னு. கறுப்பு எதுமேல விழுந்தாலும் தெரியும், அதனால அது நல்ல பழக்கம்தான். ஆனா வெள்ளைக்கு மையே கிடையாது. அடியில இருக்கிற நீலத்தை வெட்டினாத்தான் காகிதத்தோட வெள்ளை தெரியும். வெட்டாதேன்னு சொல்லிட்டா...”

“வெள்ளைக்குப் போய் யார் அந்த உத்தரவைக் குடுப்பாங்க?”

“யாரும் குடுக்க மாட்டாங்க.” அவர் யோசித்தார். “வேற எங்கயோ கறுப்பா இருந்ததை எடுத்து, வெள்ளை பூசி இங்க வெச்சாத்தான் இப்படி வரும். நிறம் மாறும். உத்தரவு மாறாது.”

அண்ணி கைப்பையிலிருந்து கம்பெனி கையெழுத்திட்ட புரூஃபை எடுத்தாள். மாஸ்டரின் உருப்பெருக்கியை அதன்மேல் வைத்துக் குனிந்தாள். முதல் வரியின் புள்ளி உருண்டையாக இருந்தது. பெட்டியின் முன்பக்கத்தில், அதே வகை எண்களில், மருந்தின் வீரியம் 62.5 என்று பெரிதாக அச்சாகியிருந்தது. அந்தப் புள்ளி சதுரம். உருப்பெருக்கியை நகர்த்திக்கொண்டே போனாள். அடியில் கம்பெனியின் முகவரி, பொடிக் கறுப்பு எழுத்தில். அங்கே இருந்த புள்ளிகள் எல்லாம் உருண்டை.

வெகு நேரம் அவள் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் வெற்றி இல்லை.

“இன்ஸ்பெக்டர் வந்தா இதை அப்படியே செஞ்சு காட்டுங்க மாஸ்டர். பட்டனை நீங்க அழுத்தாம விட்டதையும் சேர்த்துச் சொல்லுங்க.”

“சொல்றேன்மா,” என்றார் அவர். பிறகு, “குழந்தை எப்படிம்மா இருக்கு?” என்றார். அந்த அறையில் அதை முதலில் கேட்டவர் அவர்தான்.

“அப்படியேதான் இருக்கு.”

ஸ்கூட்டர் இரண்டு தெரு தாண்டும்வரை கொழுந்தன் பொறுத்துக்கொண்டான். அவனுக்கு அது பெரிய விரதம்.

“அண்ணி, நம்ம கட்சிக்காரம்மா தப்பிச்சாங்க. அந்த எண்ணோட எழுத்து வகை, அதான் ஃபாண்ட், அவங்களோடது. அவங்க சிஸ்டத்துல இருக்கு. 2.5ன்னு தட்டினா சதுரப் புள்ளியே வந்திருக்கும். வீட்டுச் சாவி கையில இருக்கிறவங்க எதுக்கு ஜன்னல் ஏறிக் குதிக்கணும்? ஃபாண்ட் இல்லாத எவனோதான் முகவரியிலிருந்து புள்ளியைத் திருடியிருக்கான்.”

“சரிதான்.”

“சரின்னா சந்தோஷமா சொல்லுங்களேன். பின்னாடி மூட்டை ஏத்தின மாதிரி இருக்கு.”

“புரூஃபை அச்சடிச்சுக் கம்பெனிக்குக் குடுத்தது யார்?”

கொழுந்தன் வேகத்தைக் குறைத்தான். புரூஃப் அச்சகத்தைப் பார்த்ததே இல்லை. அது வடிவமைப்பாளரின் வீட்டிலிருந்து நேரே கம்பெனிக்குப் போய், கையெழுத்தாகி, நேரே அவளிடமே திரும்பியது. உருண்டைப் புள்ளி அதில் அப்போதே இருந்தது. திரையைப் போலவே வீட்டுப் பிரிண்டரும் ஓவர்பிரிண்ட் உத்தரவைக் கண்டுகொள்வதில்லை.

“ஜன்னல் ஏறிக் குதிச்சது வீட்டுக்காரம்மாவேதானா?” என்றான் மெதுவாக.

“சாவி தொலைஞ்சிருந்தா?” என்றாள் அண்ணி.

ஒருத்தி நம்பி வந்து கதவைத் தட்டுகிறாள். அவளுக்காக இழுத்த நூலே அவள் கழுத்தில் போய் விழுகிறது. கணவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வழி முழுக்க அண்ணி யோசித்தாள். அவர் வேறொன்றும் சொல்லியிருக்க மாட்டார், போய்ப் பேசு என்பார். அவ்வளவுதான்.

வடிவமைப்பாளர் வீட்டு முன்னறையில்தான் வேலை செய்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். மேசையில் புதுக் கணினி, அதன் திரையின் ஓரத்தில் இன்னும் உரிக்காத கண்ணாடித்தாள்.

“கிடைச்சுதா அக்கா? யார் அழிச்சது?”

“யாரும் அழிக்கலம்மா.” அண்ணி நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். “அந்தப் பெட்டி எண்ணோட ஃபாண்ட்ல எனக்கு ஒரு 2.5 தட்டிக் காட்டுறியா?”

“எதுக்கு அக்கா?”

“சும்மா.”

அவள் விசைப்பலகைமேல் விரல்களை வைத்தாள். தட்டவில்லை. கொழுந்தன் புதுக் கணினியின் ஓரத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளை விரலால் நெருடினான்.

“பழைய சிஸ்டம் என்ன ஆச்சும்மா?”

“மூணு மாசம் முன்னால போயிடுச்சு.” குரல் சுருங்கியது. “ஃபாண்ட் எல்லாம் அதோட போச்சு.”

“எழுத்தா இருக்கிற ஃபைல்?” என்றாள் அண்ணி.

அவள் தலை குனிந்தாள். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கிக் கொடுப்பார்கள். அதாவது எழுத்து எழுத்தாக இருக்காது, வெறும் உருவமாகிவிடும். அப்போது ஃபாண்ட் இல்லாத இடத்தில் திறந்தாலும் குலையாது. ஆனால் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. அதனால் எழுத்தாக ஒரு பிரதி, உருவமாக ஒரு பிரதி என்று இரண்டு வைத்திருப்பதுதான் தொழில் தெரிந்தவர்கள் வழக்கம்.

“ஒண்ணு மேலயே இன்னொண்ணைச் சேமிச்சுட்டேன் அக்கா. உருவம்தான் மிஞ்சிச்சு. அப்பதான் கம்பெனியிலிருந்து சொன்னாங்க, ரெண்டுன்னு இருக்கிறதை ரெண்டரையா மாத்தணும்னு. அன்னிக்கே வேணும்னாங்க. அஞ்சைக் கீழ்வரியிலிருந்து எடுத்தேன். கட்டத்துல புள்ளியே இல்ல. முன்பக்கத்துப் புள்ளி பெரிசு. முகவரியில ஒண்ணு கைக்கு எட்டின தூரத்துல இருந்துச்சு. எடுத்து வெள்ளை பூசி வெச்சேன். பார்க்க நல்லாத்தான் இருந்தது. கம்பெனிக்காரரும் பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டார்?”

“அது கறுப்பா இருக்கும்போது அதுக்கு ஓவர்பிரிண்ட் குடுத்திருந்தியா?”

“பொடிக் கறுப்பு எழுத்துக்கு எப்பவும் குடு...” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கே தெரிந்துவிட்ட ஒன்றை இன்னொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணின் தோள்கள் குலுங்கி, குலுங்கி, மெல்ல அடங்கின.

“அச்சகத்துல அவங்க பார்த்திருக்கணும் இல்ல?” என்றாள் கடைசியில்.

“பார்த்திருக்கணும்.”

“மாஸ்டருக்கு இது தெரியுமா? புள்ளியை நான்தான் எடுத்து வெச்சேன்னு?”

“எங்கயிருந்தோ எடுத்து வெச்சதுன்னு தெரியும். யார் வெச்சதுன்னு தெரியாது.”

“அப்போ...” அவள் அண்ணியின் முகத்தைத் தேடினாள். “நீங்க எனக்காகத்தானே அக்கா வந்தீங்க?”

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணிக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் எங்கேயோ போய்த் தைத்தது. ஆமாம் என்று சொன்னாலும் பொய்யில்லை. இல்லை என்று சொன்னாலும் பொய்யில்லை.

“பழைய சிஸ்டம் போய் மூணு மாசம்னு சொன்ன,” என்றாள். “இந்த மூணு மாசத்துல உருவத்தைத் திருத்தி, வேற இடத்து எழுத்தைக் கடன் வாங்கி ஒட்டின பெட்டி இது ஒண்ணுதானா?”

அந்தப் பெண் அதை நினைத்துப் பார்த்ததில்லை என்பது தெரிந்தது. மூன்று நாளும் அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது.

“இன்னும் மூணு,” என்றாள்.

“திற.”

முதலாவது, கண் சொட்டு மருந்து. அண்ணி சொல்ல, அவள் அந்தப் பட்டனைத் தேடி அழுத்தினாள். ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது, களிம்பு. அழுத்தினாள். மாறவில்லை. கொழுந்தன் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான்.

மூன்றாவது, இதய நோயாளிகள் குடிக்கும் திரவ மருந்து. பச்சைப் பட்டையில் வெள்ளை எழுத்து. ஒரு வேளைக்கு 0.5 மில்லி.

அழுத்தினாள்.

சுழியும் ஐந்தும் நின்றன, 05. நடுவில் பச்சை.

“இது எப்ப அச்சுக்குப் போச்சு?” என்றான் கொழுந்தன். அவன் குரலில் இப்போது எந்த வேடிக்கையும் இல்லை.

“போன வாரம். வேற அச்சகம்.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முந்தாநாள் கடைக்குப் போயிருக்கும்.”

கடிகாரம் நாலு இருபது காட்டியது. கம்பெனிக்கு அண்ணி தானே பேசிவிடலாம். கைப்பையில் தொலைபேசி இருந்தது. ஆனால் அது இந்தப் பெண்ணிடமிருந்து கடைசியாக மிஞ்சியிருப்பதையும் பிடுங்குவதாக இருக்கும். எத்தனை நிமிடம் பொறுக்கலாம்? இரண்டு. அதற்கு மேல் எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் மூடியைத் திருகித் திறந்துவிடுவார். அண்ணி மனத்துக்குள் எண்ணத் தொடங்கினாள்.

நாற்பதுவரை எண்ணியிருப்பாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் இதய மருந்துக் கம்பெனியின் எண்ணைத் தேடிப் பிடித்து, தொலைபேசியை எடுத்தாள். மணி போனது.

“சார், பச்சைப் பட்டை போட்ட இதய மருந்து... ஆமா, டிசைன் பண்ணது நான்தான். கடைங்கள்ல இருக்கிற எல்லாப் பெட்டியையும் இப்பவே நிறுத்தணும். விற்ற வீடுகளுக்கும் சொல்லணும். அளவு தப்பா அச்சாகியிருக்கு. இல்ல சார், அச்சகம் மேல புகார் இல்ல.”

மறுமுனையில் யாரோ நீளமாக எதையோ கேட்டார்கள். அவள் அண்ணியின் பக்கம் திரும்பவில்லை.

“எனக்கு எப்படித் தெரியும்னா, புள்ளியை அங்க வெச்சவ நான். காய்ச்சல் மருந்துலயும் அது நான்தான். இன்ஸ்பெக்டர் அஞ்சு மணிக்கு அச்சகத்துக்கு வருவார், அங்க நானே போய்ச் சொல்றேன். முதல்ல நீங்க கடைங்களுக்குப் பேசுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”